குடியை விட்டவர்க்குச் சங்கம் தருவது யாது?

குடிப்பழக்கமுள்ள அங்கத்தினர்க்குக் கடன் மறுக்க வேண்டும், பாவு தரலாகாது, பேரவைக் கூட்டத்தில் அவர் பெயரைப் படித்து நாணச் செய்ய வேண்டும் என்னும் கருத்து நம் சங்கங்களின் நிர்வாகக் குழுக்களில் அவ்வப்போது எழுகின்றது. இவ்வாறு கூறுவோர் தீய எண்ணமுடையவரல்லர். தவணை தவறிய கணக்குகளைக் கண்டு மனம் நொந்தவரே. ஆயினும் இவ்வழி பயன் தராது என்பதே நமது துணிபு. தறியினின்றும் சங்கத்தினின்றும் விலக்கப்பட்டவரை முகம் சுளிக்காமல் வரவேற்கும் இடம் ஒன்றே எஞ்சுகின்றது. அது மதுக்கடை வாசல்.

களையைப் பறித்த நிலத்தில் விதைக்காது விட்டால் மீண்டும் களையே மண்டும். உழவர்க்கு இதனை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மனித மனத்துக்கும் இதுவே பொருந்தும். அமெரிக்க உளவியல் அறிஞர் மார்ட்டின் செலிக்மன், 1998-இல் அந்நாட்டு உளவியல் சங்கத்தின் தலைவராயிருந்தபோது, மனத்தின் நோய்களை ஆராய்வதோடு நில்லாது அதன் வலிமைகளையும் ஆராய வேண்டுமென வற்புறுத்தினார். நேர்மறை உளவியல் என்று இத்துறை பெயர் பெற்றது. மகிழ்வு, ஒன்றில் ஆழ்ந்த ஈடுபாடு, நல்லுறவு, வாழ்வில் ஒரு பொருள், சாதனை ஆகிய ஐந்தும் மனிதனைத் தழைக்கச் செய்வன என்று அவர் வகுத்தார்.

இது ஏட்டளவில் நின்றதன்று. அதற்கும் முன்னரே ஹன்ட், அஸ்ரின் என்னும் இருவர் இல்லினாய் மாநிலத்தில் நடத்திய சோதனையொன்று 1973-இல் வெளியாயிற்று. குடிநோயாளர் எண்மர்க்கு வேலை தேடித் தந்தனர். குடும்ப உறவைச் சீர்செய்தனர். பழைய மதுக்கூடம் ஒன்றையே மதுவில்லாத நண்பர் மன்றமாக்கினர். அவர்களைப் போன்ற வேறு எண்மர்க்கு வழக்கமான சிகிச்சை மட்டுமே கிடைத்தது. பின்வந்த ஆறு மாதங்களில், முன்னவர் நூற்றுக்கு 14 நாட்களும், பின்னவர் நூற்றுக்கு 79 நாட்களும் குடித்தனர். சோதனை சிறிதெனினும் அது காட்டும் வழி பெரிது.

நம் பகுதிக்கும் இது புதிதன்று. திருச்செங்கோட்டுக்கு அருகில் புதுப்பாளையத்தில் 1925-இல் இராஜாஜி நிறுவிய காந்தி ஆசிரமம், மதுவின் தீமையைப் பிரசாரம் செய்ததோடு அமையாது, இராட்டையும் கதரும் கொடுத்துக் கூலிக்கும் வழி செய்தது. பிற்காலத்தில் மதுவிலக்கு பரவியபோது, கள்ளிறக்கும் தொழிலிழந்தோர்க்குப் பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைந்தன. ஒன்றை எடுத்தால் மற்றொன்றைத் தரல் வேண்டும் என்பதை அக்காலத்தார் அறிந்திருந்தனர். மதுவிலக்கு 1971-இல் தளர்ந்தது. 2003-இல் சில்லறை மது விற்பனையையும் அரசு நிறுவனமே ஏற்றது. அக்கொள்கை மாற வேண்டுமா என்பதை மக்கள் முடிவு செய்வர். சங்கம் அதுவரை காத்திருக்க வேண்டுவதில்லை.

திருப்பூர் வட்டாரத்தில் பெரும்பாலான இடங்களில் வாரக் கூலி சனிக்கிழமை கைக்கு வருகின்றது, மறுநாள் விடுமுறை. பனியன் கம்பெனியில் பன்னிரண்டு மணி நேரம் நின்றவர்க்கும், விசைத்தறியின் ஓசையில் வாரமெல்லாம் கழித்தவர்க்கும், ஊரைவிட்டு வந்து வாடகை அறையில் தங்கியவர்க்கும் அந்த மாலைப்பொழுதுக்கு நாம் வைத்திருப்பது என்ன? ஒன்றுமில்லை. அவ்வெற்றிடத்தையே மதுக்கடை நிரப்புகின்றது. ஆகவே சங்கங்கள் செய்யத்தக்கவை சிலவற்றைக் கூறுவோம்.

முதலாவது, சனிக்கிழமை மாலை சங்கக் கட்டடம் பூட்டியிருத்தல் கூடாது. வள்ளி கும்மியோ, ஒயிலாட்டமோ, வாசகசாலையோ, பிள்ளைகளின் பாட வகுப்போ அங்கு நிகழட்டும். அக்கம்பக்கத்துத் தொழிலாளரும் வரட்டும்.

இரண்டாவது, சேமிப்பு. கைத்தறிச் சங்க அங்கத்தினர் கூலியில் ரூபாய்க்கு 8 காசு செலுத்த, அரசு 4 காசு சேர்க்கும் சேமிப்புத் திட்டம் உள்ளது. அதன் இருப்பை மாதந்தோறும் அவருக்கும் அவர் மனைவிக்கும் படித்துக் காட்டுக. வளரும் தொகை ஒரு சாதனை. அதனைக் காண்பவர் அதனைக் காக்கவும் முனைவார்.

மூன்றாவது, பொறுப்பு. குடியை விட்டு ஓராண்டு கழித்தவரைப் புதிதாக விட முயல்பவர்க்குத் துணையாக்குக. இளைஞர்க்குத் தறிவேலை பழக்கும் பணியையும் அவரிடம் ஒப்படைக்கலாம். தாம் பிறர்க்குத் தேவைப்படுகின்றோம் என்னும் எண்ணத்துக்கு ஈடான மருந்து அரிது.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் உண்டாகி உயிருக்கே தீங்கு நேரலாம். அத்தகையோரை முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லல் வேண்டும். மனநல ஆலோசனைக்கு 14416 என்னும் இலவசத் தொலைபேசி உண்டு. ஒருகால் அவர் மீண்டும் குடித்துவிட்டாலும், அறுந்த இழையை முடிந்து தறியை ஓட்டுவது போல மீண்டும் தொடங்கவே உதவுக. அறுந்ததென்று பாவையே எறிவாரில்லை.

கடன் மறுக்கும் தீர்மானத்துக்கு ஒரு கையொப்பம் போதும். கட்டடத்தைத் திறந்து வைக்க ஆள் வேண்டும், நேரம் வேண்டும், பொறுமை வேண்டும். எனினும் அங்கத்தினரைக் கைவிடாமைக்கே கூட்டுறவு என்று பெயர். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதனைப் பொருளாக வைத்து, வரும் சனிக்கிழமையிலிருந்தே தொடங்குமாறு சங்கங்களை வேண்டுகின்றோம்.