கதவு நம்முடையது... காடு யாருடையது?

புது வீட்டு கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்ட நண்பர், என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார். “தட்டிப் பாருங்க சார்... ஒரிஜினல் பர்மா தேக்கு!” தட்டினேன். “நம்ம ஊர் மரம் கிடைக்கலையா?” என்றேன். “நம்ம காட்டை வெட்டலாமா சார்?” என்றார் பெருமையாக.

நியாயம்தானே என்கிறீர்களா? பி.காம். முதல் வருடப் பாடம் ஒன்று உண்டு. ஓரிடத்தில் வரவு எழுதினால், இன்னோரிடத்தில் பற்று எழுதியே தீரவேண்டும். காட்டுக்கும் அதே கணக்குதான்.

நீலகிரி மாவட்டம் கூடலூரில் மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனார் கோதவர்மன் திருமுல்பாடு. 1996 டிசம்பர் 12 அன்று, முறையான வேலைத் திட்டம் இல்லாமல் நாட்டின் எந்தக் காட்டிலும் மரம் வெட்டக் கூடாது என்றது நீதிமன்றம். சபாஷ்! ஆனால், நம் மரப் பசி குறைந்ததா? அபார்ட்மென்ட்டும் கட்டிலும் சோபாவும் பெருகின. காட்டிலிருந்து வராத மரம் கப்பலில் வந்தது. மலேசியாவிலிருந்து, மியான்மரிலிருந்து.

2010 முதல் 2015 வரை மியான்மர் ஆண்டுக்கு 5.46 லட்சம் ஹெக்டேர் காட்டை இழந்தது என்கிறது ஐ.நா.வின் உணவு, வேளாண்மை நிறுவனம். எல்லாமே கதவு, ஜன்னலுக்காகப் போகவில்லை, விளைநிலத்துக்காகவும் போனது. ஆனால், அந்த நாட்டுத் தேக்கு வாங்கியவர்களில் முன்வரிசையில் நின்றது நாம்தான். 2014 ஏப்ரல் 1 முதல், வெட்டிய மரத்தை அறுக்காமல் அப்படியே ஏற்றுமதி செய்ய மியான்மர் தடை போட்டது. நாம் திருந்தினோமா? ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா பக்கம் பையைத் தூக்கிக்கொண்டு போனோம்!

2021-ல் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும், அந்நாட்டு அரசு மர நிறுவனத்தின் மீது அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் தடை விதித்தன. இந்தியா விதிக்கவில்லை. தேக்கு விற்ற காசு யார் கைக்குப் போகிறது என்று நாமும் கேட்கவில்லை.

அப்போ கதவே வேண்டாமா? வேண்டும். வேம்பும் பலாவும் வாகையும் நம் தோப்பிலேயே வளர்கின்றன. இடித்த வீடுகளின் கதவும் உத்தரமும் பழைய மரக்கடையில் அடுக்கிக் கிடக்கின்றன. தன் நிலத்தில் தானே வளர்த்த மரத்தை விற்க ஒரு விவசாயி ஆபீஸ் ஆபீஸாக அலையாதபடி அரசு பார்த்துக்கொள்ளட்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். மரக்கடையில் “கன அடி என்ன விலை?” என்று கேட்பதற்கு முன்னால், “இது எந்தக் காட்டு மரம்?” என்று கேளுங்கள். பதில் வரவில்லையா? வாங்காதீர்கள். நம் வரவுக்கு எங்கோ ஒரு காடு பற்று எழுத வேண்டாம்.