மருந்தில் போலி, இலக்கணத்தில் போலி

சில ஆண்டுகளுக்கு முன் என் தாயாரை முதுகுவலிக்காக ஒரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றிருந்தேன். எட்டு மாதங்களாக விடாத வலி. எடுத்து வந்த படங்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த மருத்துவர், "எலும்பில் ஒன்றும் இல்லை, எல்லாம் மனசுதான்" என்று என்னிடம் சொல்லிவிட்டு அடுத்தவரை அழைத்தார். பேருந்தில் வெகுநேரம் பேசாமல் வந்த அம்மா, ஊர் நெருங்கும்போது, "அப்போ நான் பொய் சொல்றேனாப்பா?" என்று கேட்டாள். அதன்பின் அவள் வலியைப் பற்றி வீட்டில் எவரிடமும் பேசவில்லை. வலி போய்விட்டது என்று நாங்களும் வசதியாக நம்பிக்கொண்டோம்.

அந்தக் கேள்விதான் தமிழாசிரியனாகிய என்னைப் 'ப்ளாசிபோ' பற்றிப் படிக்க வைத்தது. மருந்துச் சத்து ஏதுமற்ற மாத்திரையை மருந்தென்று தரும்போது நோயாளிக்கு ஏற்படும் நிவாரணத்தைக் குறிக்க வழங்கும் சொல் அது. 'நான் மகிழ்விப்பேன்' என்பது அந்த இலத்தீன் சொல்லின் பொருள். இடைக்கால ஐரோப்பாவில் இறந்தோருக்கான வழிபாட்டில் பாடப்பட்ட திருப்பாடல் ஒன்றில் இச்சொல் வருகிறது. காசுக்காக இழவு வீடுகளுக்கு வந்து அதைப் பாடியவர்களால் சொல்லுக்கே இழிவு நேர்ந்தது. நம்மூரில் 'கூலிக்கு மாரடிப்பது' என்கிறோமே, அதே கதைதான். சாசரின் கேன்டர்பரி கதைகளில் முகத்துதி செய்யும் பாத்திரம் ஒன்றுக்கு ப்ளாசிபோ என்றே பெயர். மருத்துவம் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டபோது அதன் கறையும் கூடவே வந்துவிட்டது.

தமிழில் இதை 'மருந்துப்போலி' என்கிறோம். சிலர் 'போலி மருந்து' என்றும் எழுதிவிடுகிறார்கள். அது கள்ளச் சரக்கைக் குறிக்கும் சொல். ஆனால் இலக்கண வகுப்பில் நான் நடத்தும் போலி வேறு. அறம் என்பது அறன் என்றும், பந்தல் என்பது பந்தர் என்றும் வழங்கும். ஓர் எழுத்தின் இடத்தில் வேறோர் எழுத்து நிற்கிறது, பொருள் கெடுவதில்லை. அங்கே போலி என்பது பொய்யன்று. ஒன்றின் இடத்தில் நின்று அதன் வேலையைச் செய்வது. வலியைப் பொறுத்தவரை மருந்துப்போலியையும் இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும் என்பது என் கட்சி. மூளை பற்றிய ஆய்வுகள் இதற்குத் துணை நிற்கின்றன.

1978இல் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த லெவின், கார்டன், ஃபீல்ட்ஸ் ஆகிய மூவரும் கடைவாய்ப்பல் பிடுங்கப்பட்டவர்களிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். வெற்று ஊசியிலேயே வலி குறைந்தவர்களுக்கு நலோக்ஸோன் என்ற மருந்தைக் கொடுத்தபோது வலி கூடியது. அபினி வகை மருந்துகளின் வேலையைத் தடுப்பது நலோக்ஸோன். அப்படியென்றால் வெற்று ஊசி உடம்பிலேயே சுரக்கும் அபினி போன்ற பொருள்களை எழுப்பியிருக்க வேண்டும். நோயாளி ஏமாறவில்லை, அவருடைய மூளை தன் மருந்துப் பெட்டியைத் திறந்திருக்கிறது.

2004இல் டோர் வேகரும் உடன் ஆய்வாளர்களும் மூளையின் செயலைப் படம் பிடித்தார்கள். வலிக்களிம்பு என்று நம்பி வெற்றுக் களிம்பைப் பூசிக்கொண்டவர்களிடம், வலியை எதிர்நோக்கும் தருணத்தில் நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப்பகுதி கூடுதலாக இயங்கியது. வலியை உணரும் பகுதிகளின் இயக்கம் தணிந்தது. 2009இல் ஹாம்பர்க் ஆய்வாளர்கள், வலிச் செய்தி மூளையை எட்டுமுன் தண்டுவடத்திலேயே இத்தணிவு தென்படுவதைக் காட்டினார்கள். வலி புண்ணிலிருந்து மேலே போகும் ஒருவழிச் செய்தியன்று. மூளையும் கீழ்நோக்கிக் கட்டளை அனுப்புகிறது.

இத்தாலியின் டூரின் நகரத்து ஆய்வாளர் ஃபப்ரிட்சியோ பெனதெத்தியின் சோதனைகள் இன்னும் ஆழமானவை. வலிமருந்தை நோயாளி பார்க்க மருத்துவர் ஏற்றினால் ஒரு பலன். அதே மருந்தை அதே அளவில் நோயாளி அறியாமல் கருவி ஏற்றினால் அதைவிடக் குறைந்த பலன். 2006இல் அவர் அல்சைமர் நோயாளிகளை ஆராய்ந்தபோது, நெற்றிப்பகுதி மூளையின் தொடர்புகள் நலிந்தவர்களிடம் இந்த எதிர்பார்ப்பின் பங்கு மறைந்திருந்தது. அவர்களுக்குக் கூடுதல் மருந்து தேவைப்படலாம். ஆகவே மெய்யான மருந்துக்குள்ளும் மருந்துப்போலி ஒரு பங்காக இருந்துகொண்டே இருக்கிறது.

நாட்பட்ட வலி குறித்தும் ஆய்வுகள் வந்துவிட்டன. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார் 2018இல் வெளியிட்ட ஆய்வொன்று, முதுகுவலிக்காரர்களில் யாருக்கு வெற்று மாத்திரை பலன் தரும் என்பதை அவர்கள் மூளையின் அமைப்பையும் மனப்பாங்கையும் கொண்டு ஓரளவு முன்கூட்டியே கணிக்க முடிந்ததைக் காட்டியது. முன்கூட்டிச் சொல்லக்கூடிய ஒன்றை வெறும் ஏமாளித்தனம் என்று எப்படித் தள்ளுவது?

எதிர்வாதத்தையும் மறைக்கக் கூடாது. 2001இல் ஹ்ரோபியார்ட்சன், கெட்சே ஆகிய இருவரும் 114 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, மருந்துப்போலியின் ஆற்றல் பெரிதும் மிகைப்படுத்தப்பட்டது என்றார்கள். ஆனால் அவர்களும் சிறிதளவு பலன் இருக்கக்கூடும் என ஒதுக்கிய இடங்களுள் வலி ஒன்று. 2011இல் ஆஸ்துமா நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், வெற்று மருந்தை உறிஞ்சியவர்களும் மூச்சு எளிதானதாகவே உணர்ந்தார்கள். அளந்து பார்த்தால் நுரையீரலின் திறன் உண்மை மருந்து பெற்றவர்களுக்கே நன்கு உயர்ந்திருந்தது. எல்லை இதுதான். உணர்வை மாற்றும் மருந்துப்போலி கட்டியைக் கரைக்காது, கிருமியைக் கொல்லாது. நம்பிக்கையை விற்றுப் பிழைப்பவர்களுக்கு இந்த ஆய்வுகள் சான்றிதழ் ஆகா.

பொய் சொல்லித்தானே இந்தப் பலனைப் பெற முடியும் என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2016இல் போர்ச்சுகலில் நாட்பட்ட இடுப்புவலி உள்ள 97 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு அதை மாற்றியது. ஒரு பிரிவினரிடம், "இதில் மருந்து ஏதும் இல்லை" என்று வெளிப்படையாகச் சொல்லி, இத்தகைய மாத்திரை ஏன் பலன் தரக்கூடும் என்பதையும் விளக்கிக் கொடுத்தார்கள். வழக்கமான சிகிச்சையை மட்டும் தொடர்ந்தவர்களைவிட அவர்களுக்கு மூன்று வாரங்களில் வலி கூடுதலாகக் குறைந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் அங்கே வேலை செய்தது பொய்யன்று. ஒருவர் அமர்ந்து விளக்கியதும், அடுத்தவர் அதை ஏற்று நாள்தோறும் மாத்திரையை விழுங்கியதும்தான்.

என் கோபம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. சொல்லும் முகமும் எதிர்பார்ப்பும் வலியைத் தணிக்கும் என்றால், அவையே வலியைக் கூட்டவும் செய்யும். இதை நோசிபோ என்கிறார்கள். "எல்லாம் மனசுதான்" என்ற மூன்று நொடி வாக்கியம் அப்படிப்பட்ட ஒரு நச்சுக்குளிகை. அதில் உள்ள 'தான்' என்ற இடைச்சொல்தான் கொடுமையானது. மனம் ஈடுபட்டிருக்கிறது என்று சொல்லியிருந்தால் அது அறிவியல். மனம் மட்டுமே என்று முத்திரை குத்தியதில் வலி பொய்யாகிவிட்டது, சொன்னவள் பொய்யாகிவிட்டாள். கூட்டம் அலைமோதும் மருத்துவமனையில் மருத்துவருக்கு நேரமில்லை என்பதை நான் அறிவேன். ஆயினும் "வலி உண்மை, படத்தில் காரணம் தெரியவில்லை, பார்ப்போம்" என்று சொல்லவும் அதே மூன்று நொடிதான் ஆகும்.

இதையெல்லாம் படித்த பிறகு ஒருநாள் அம்மாவிடம் உட்கார்ந்து, அவள் பொய் சொல்லவில்லை என்பதையும், மூளையில் நடப்பது உடம்பில் நடப்பதுதான் என்பதையும் எனக்குத் தெரிந்த தமிழில் விளக்கினேன். குறுக்கிடாமல் கேட்டாள். பிறகு, "எனக்குத் தெரியும்ப்பா, அந்த டாக்டர்கிட்ட போய்ச் சொல்லு" என்றாள். சற்று நேரம் கழித்து, வெகுநாள்களுக்குப் பின் முதன்முறையாக, வலி எந்த இடத்தில் தொடங்கி எங்கே போகிறது என்று சொல்ல ஆரம்பித்தாள்.