மவுஸைப் பிடுங்காதீர்கள்!



கம்ப்யூட்டர் வகுப்பில் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் மூணு பேர், நாலு பேர் உட்காருகிறோம். தெரிந்த ஒருவர்தான் மவுஸைப் பிடிக்கிறார். மற்றவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். யாராவது சந்தேகம் கேட்டால், "தள்ளு, நான் போடுறேன்" என்று அவரே செய்து முடித்துவிடுகிறார். இதை உதவி என்று நினைக்கிறோம். என் கருத்துப்படி இது உதவியே இல்லை.

சைக்கிள் பழக்குகிறவர் என்ன செய்வார்? பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடி வருவார். அவரே ஏறி மிதித்துக்கொண்டு இருந்தால் நமக்கு எப்படிப் பழகும்?

வீட்டில் கம்ப்யூட்டர் இருப்பவர்கள் சாயங்காலம் போய்ப் பழகலாம். இல்லாதவர்களுக்கு இந்த ஒரு வகுப்புதான். வீட்டில் போன் இருந்தாலும் அது அண்ணன் கையில்தான் இருக்கும். பெண் பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும். இங்கேயும் மவுஸைப் பிடுங்கினால் அவள் எப்போதுதான் கற்றுக்கொள்வாள்?

புதுசாகப் பழகுபவர்களுக்கு, தப்பாகத் தட்டினால் கெட்டுப்போகுமோ என்ற பயம் இருக்கும். ஒரு எழுத்து மாறி விழுந்தால் கம்ப்யூட்டர் கெடாது. வேர்டில் தப்பாக அடித்துவிட்டால் கன்ட்ரோலையும் இசட்டையும் சேர்த்து அழுத்தினால் பழையபடி வந்துவிடும். இதை முதல் நாளே சொல்லிவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

பைத்தானில் 'பிரிண்ட்' என்ற கட்டளையின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக அடித்தால் 'நேம் எரர்' என்று வரும். "இந்தப் பெயர் எனக்குத் தெரியாது" என்று அது சொல்கிறது, அவ்வளவுதான். எத்தனையாவது வரி என்றும் காட்டும். அப்போது "இதுகூடத் தெரியாதா?" என்று சிரிக்கக் கூடாது. "அந்த வரியைப் புத்தகத்தோடு ஒத்துப் பாரு" என்று சொன்னால் போதும், அவளே கண்டுபிடிப்பாள். அவளே கண்டுபிடித்தது மறக்காது.

கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. "வரலை" என்று மட்டும் சொன்னால் யாருக்கும் புரியாது. என்ன செய்தேன், என்ன வரும் என்று நினைத்தேன், திரையில் என்ன வந்தது என்று மூன்றையும் சொல்லுங்கள். சில நேரம் சொல்லும்போதே விடை தெரிந்துவிடும்.

"இப்படிச் சொல்லிக் கொடுத்தால் நேரம் ஆகுமே" என்று சிலர் கேட்கலாம். ஆகும்தான். ஆனால் ஒருவர் வேகமாக முடித்து மூன்று பேர் வேடிக்கை பார்ப்பதைவிட, நான்கு பேரும் மெதுவாகக் கற்பது நல்லது இல்லையா?

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆளுக்குப் பத்து நிமிடம் என்று முறை வையுங்கள். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவர்களை முதலில் உட்கார வையுங்கள். உதவி செய்பவர் கையைக் கட்டிக்கொண்டு வாயால் மட்டும் சொல்லட்டும்.

தெரிந்தவர்களே, கையை எடுங்கள்! தெரியாதவர்களே, தைரியமாகக் கையை வையுங்கள்!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி