போர்டு போட்டோ அண்ணன்களுக்கு ஒரு தேங்க்ஸ்!

ஹைவே போர்டை போட்டோ எடுக்கிற ஆளைப் பார்த்தா, 'லூஸாப்பா?'னுதானே கேட்பீங்க? அமெரிக்காவில் அப்படி ஒரு கூட்டமே இருக்கு பாஸ். பேரு 'ரோட்கீக்'. சம்பளம் கிடையாது, பெட்ரோலும் சொந்தக் காசு! அங்கே பழைய பச்சை போர்டுகளில், எழுத்துக்குள்ள குட்டிக் குட்டி பட்டனா பதிச்சிருப்பாங்க. ஹெட்லைட் பட்டா மினுமினுக்கும். இப்ப எல்லாம் ஒளியைத் திருப்பியடிக்கிற ஷீட்தான். பட்டன் போர்டைக் கழற்றிட்டா மிச்சம் இருக்கிறது இவங்க எடுத்த படம் மட்டும்தான். 1985-ல் நெடுஞ்சாலைப் பட்டியலில் இருந்தே தூக்கப்பட்ட 'ரூட் 66'-க்கும் இதே கதைதான்.

போன செமஸ்டர் செமினாருக்கு இந்தப் படங்களைத்தான் சுட்டேன். மூலையில் இருந்த பேரை 'நீட்டா இருக்கட்டும்'னு வெட்டிட்டேன். ''யாருப்பா எடுத்தது?''ன்னார் சார். முழிச்சேன். நேத்து ராத்திரி பன்னிரண்டு ஸ்லைடிலும் பேரைத் திரும்பப் போட்டாச்சு. ஸாரிண்ணே... தேங்க்ஸ்ணே!