கடைசி ஆள் முதலில் இறங்கட்டும்



பனிக்கட்டியை ஃப்ரிட்ஜுக்குள் மட்டுமே பார்த்த டீச்சர் பனிச்சறுக்கைப் பற்றி எழுத வந்துவிட்டாரே என்று சிரிக்காதீர்கள். போன வாரம் மாப்பிள்ளை செல்போனில் ஒரு வீடியோ காட்டினார். 2024 பிப்ரவரி 4-ஆம் தேதி, பிரான்ஸில் சாமொனி என்ற மலையூரில் நடந்த உலகக் கோப்பை ஸ்லாலம் போட்டி. வென்றவர் சுவிட்சர்லாந்தின் டேனியல் யூல். அன்று ஆரம்பித்த வாக்குவாதம் எங்கள் வீட்டில் இன்னும் ஓயவில்லை.

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். செங்குத்தான பனிச்சரிவில் நெருக்கமாகக் கம்பங்கள் நட்டிருப்பார்கள். ஆண்கள் போட்டியில் 55 முதல் 75 கேட் வரை இருக்கும். அவற்றுக்கிடையே வளைந்து வளைந்து, ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் கீழே வந்துவிட வேண்டும். ஒரு கேட்டைத் தவறவிட்டாலும் ஆட்டம் அவ்வளவுதான். நேரத்தை விநாடியில் நூறில் ஒரு பங்கு வரை கணக்கிடுவார்கள். இரண்டு சுற்று, இரண்டு நேரத்தையும் கூட்டி யார் குறைவு என்று பார்ப்பார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது இறங்கும் வரிசைதான். முதல் சுற்றில் தரவரிசையில் மேலே உள்ளவர்கள் முன்னால் இறங்குவார்கள். அவர்களுக்குப் பனி வழவழவென்று கிடைக்கும். ஆட்கள் இறங்க இறங்க வளைவுகளில் பள்ளம் விழும், மழைக்காலத்து மண் ரோட்டில் லாரி போன தடம் மாதிரி. முதல் சுற்றில் தேறிய 30 பேர் மட்டும் இரண்டாம் சுற்றுக்குப் போவார்கள். அங்கே வரிசை தலைகீழ். 30-ஆவது ஆள் முதலில் இறங்குவார், முதலிடத்தில் இருப்பவர் கடைசியில்.

சாமொனியில் முதல் சுற்று முடிந்தபோது யூல் 30-ஆம் இடம். தேறியவர்களில் கடைசி. முதலிடத்தில் இருந்தவரைவிட ஏறக்குறைய இரண்டு விநாடி பின்தங்கல். நூறில் ஒரு பங்கை எண்ணும் ஆட்டத்தில் அது மலையளவு. அன்று குளிர் குறைந்து பனி இளகிக்கொண்டிருந்தது. இரண்டாம் சுற்றில் யூல் முதல் ஆளாக இறங்கினார். பின்னால் 29 பேர் வந்தார்கள். ஒருவராலும் அவரது மொத்த நேரத்தை முந்த முடியவில்லை. உலகக் கோப்பை வரலாற்றில் 30-ஆம் இடத்திலிருந்து வென்ற முதல் ஆள் அவர்தான்.

மாப்பிள்ளை கட்சி என்னவென்றால், அது யூலின் வெற்றியே இல்லை, வெயிலின் வெற்றி. "அத்தை, நல்லா ஓட்டினவனுக்குக் கெட்ட ரோடு, சுமாரா ஓட்டினவனுக்கு நல்ல ரோடு. இது என்ன நியாயம்?" என்கிறார்.

வெயில் உதவியது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் போட்டிக்கு முன்னும் எத்தனையோ பேர் 30-ஆம் இடத்திலிருந்து முதல் ஆளாகச் சுத்தமான பனியில் இறங்கியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட வெல்லவில்லையே! யூல் அதற்கு முன்பே ஆறு உலகக் கோப்பைப் போட்டிகளை வென்றவர். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள், இவர் வளர்ந்தது சுவிஸ் நாட்டு வலே மாநிலத்தில் லா ஃபூலி என்ற சிறு மலைக்கிராமத்தில். 2018 டிசம்பரில் இத்தாலியின் மடோனா டி கம்பிலியோவில் முதல் வெற்றி. ஸ்லாலத்தில் சுவிஸ் ஆண்கள் 11 ஆண்டுகளாகக் காத்திருந்த வெற்றி அது. அதே 2018-இல் ஒலிம்பிக் அணிப் போட்டியில் தங்கம் வென்ற சுவிஸ் அணியிலும் இருந்தார். பாதை கிடைத்தபோது காலில் வித்தை இருந்தது.

இன்னொரு செய்தியைச் சொன்னதும்தான் மாப்பிள்ளை கொஞ்சம் அடங்கினார். 2022 ஜனவரியில் யூலின் சொந்த நாட்டில், வெங்கனில் ஒரு போட்டி. நார்வேயின் லூகாஸ் பிராத்தன் 29-ஆம் இடத்திலிருந்து வந்து ஜெயித்தார். அன்று இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்டவர் யார் தெரியுமா? இதே யூல். இந்த விதி அவருக்குக் கொடுத்தும் இருக்கிறது, அவரிடமிருந்து பிடுங்கியும் இருக்கிறது.

விதியை வகுத்தவர்கள் கடைசி ஆள் மேல் இரக்கப்பட்டுச் செய்ததாக நான் நினைக்கவில்லை. முதல் சுற்றில் நல்ல பனி மேலே உள்ளவர்களுக்குப் போகிறது. இரண்டாவதில் அது கைமாறுகிறது. கணக்கு நேர் செய்கிறார்கள், அவ்வளவே.

என் வகுப்பில் அந்தக் கணக்கை நான் நேர் செய்யவில்லை. ஐந்தாம் வகுப்பில் கரும்பலகையில் கணக்குப் போட உங்களை மார்க் வரிசைப்படிதான் கூப்பிடுவேன். பத்துப் பன்னிரண்டு பேர் முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம் அல்லவா? இல்லை, மறுபடியும் ஒன்றாம் ரேங்கிலிருந்தே தொடங்குவேன். அது தவறு என்று ஓய்வு பெறும்வரை எனக்குத் தோன்றவேயில்லை. ஜன்னலோர வரிசையில் ஒரு பெண் சாக்பீஸை முன்கூட்டியே எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காத்திருப்பாள். மணி அடித்ததும் கையைப் பாவாடையில் துடைத்துக்கொள்வாள். அந்த வெள்ளைக் கறை எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. அவள் கணக்கில் எப்படி என்பது மட்டும் ஞாபகத்தில் இல்லை. தெரிந்துகொள்ள நான் வாய்ப்பே கொடுக்கவில்லையே.

அந்த வகுப்பில் படித்தவர்கள் இதைப் படித்தால், யார் யாருக்கு அந்த ஆண்டு பலகை கிடைக்கவே இல்லை என்று கீழே எழுதுங்கள். டீச்சர் மனம் நோகுமே என்று தயங்க வேண்டாம்.