பதாகையில் பெரியவர் முகம்; இசைக்கும் பிள்ளைகள் எங்கே?



அண்மையில் ஒரு தமிழ்ப்பள்ளியின் இசை நிகழ்ச்சிக்குச் சென்றிருந்தேன். இரண்டு வயலின், ஒரு புல்லாங்குழல், ஒரு மிருதங்கம் என நான்கே மாணவர்கள் வாசித்தனர். அவர்களின் நெடுநாள் உழைப்பு விரல்களில் தெரிந்தது. ஆனால், பின்னால் தொங்கிய பதாகையைக் கண்டு உள்ளம் நொந்தேன்! பாதி இடத்தைச் சிறப்பு விருந்தினரின் முகம் அடைத்திருந்தது. மீதியில் ஒரு மயில், ஒரு குத்துவிளக்கு, இணையத்தில் எடுத்த ஒரு மேலைநாட்டு இசைக்குறி. குழுவின் பெயரோ ஓர் ஓரத்தில். அதிலும் ஒற்றைக்கொம்பு தன் எழுத்துக்கு முன் நிற்காமல் பின்னே போய் ஒட்டியிருந்தது. தமிழ்ப்பள்ளி மேடையிலேயே தமிழ் உடைந்து தொங்கியது!

“சின்னப் பிள்ளைகளின் குழுதானே, இதற்கெல்லாம் வடிவமைப்பு எதற்கு?” என்று கேட்போர் உளர். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

சின்னம் என்பது ஒப்பனை அன்று; ‘நாங்கள் யார்’ என்பதற்கான விடை. 1904-இல் தொடங்கிய இலண்டன் சிம்ஃபனி இசைக்குழுவின் சின்னத்தைப் பாருங்கள். பெயரின் மூன்று முதலெழுத்துகள் ஒரே கோடாக ஓடுகின்றன. உற்று நோக்கினால் கை வீசி இசையை நடத்துபவர் தெரிகிறார். 2017-இல், நடத்துநர் சைமன் ராட்டிலின் கையசைவுகளைக் கருவிகளால் பதிவு செய்து, அவற்றிலிருந்தே புதிய காட்சி வடிவங்களை உருவாக்கினர். இசை பிறக்கும் முறையே அங்கு அடையாளம் ஆனது.

அதையே படியெடுத்து நம் பிள்ளைகளுக்கு ஒட்டலாமா? கூடாது. அறையிசையில் நடத்துநர் இல்லை. ஒரு பகுதியை ஒருவரே வாசிப்பார். அவர் தவறினால் மறைத்துக்கொள்ள இன்னொருவர் இல்லை. ஒரு மூச்சு, ஒரு கண்பார்வை, ஒரு தலையசைப்பு... இவற்றாலேயே தொடங்குகிறார்கள், முடிக்கிறார்கள். நம் கச்சேரி மேடையும் அத்தகையதே. ஆக, சிறு குழுவின் உயிர் ‘ஒருவரையொருவர் செவிமடுத்தல்’. அதன் சின்னம் இதைச் சொல்ல வேண்டாமா? மயிலும் விளக்கும் எந்தக் குழுவுக்கும் பொருந்தும். எனவே எந்தக் குழுவையும் சுட்டா.

செலவாகுமே என்பீர்கள். ஒரு தாளும் பென்சிலும் போதும். “தொடங்கும்போது யாரைப் பார்க்கிறாய்?” என்று ஒவ்வொரு மாணவரையும் கேளுங்கள். அமர்ந்திருக்கும் இடங்களை நான்கு புள்ளிகளாக இட்டு, பார்வைகளைக் கோடுகளாக வரையச் சொல்லுங்கள். அவர்களின் சின்னம் அங்கேயே பிறந்துவிடும். அதை ஒரே மையில் அச்சிட்டுப் பாருங்கள், கட்டைவிரல் நகமளவு சுருக்கிப் பாருங்கள், நகலெடுத்துப் பாருங்கள். அப்போதும் தெளிவாக நின்றால் அதுவே நல்ல சின்னம்.

பெயரைத் தமிழில் பெரிதாக எழுதுங்கள். அச்சகத்துக்கு எழுத்தாக அனுப்பாமல் கோட்டுருவாக மாற்றி அனுப்பினால், எந்தக் கணினியிலும் கொம்பு இடம் மாறாது. அச்சேறும் முன் தமிழாசிரியர் ஒருவர் கட்டாயம் பார்க்க வேண்டும். இது ஐந்து நிமிட வேலை!

நன்கொடை தந்தவரை மறக்கச் சொல்லவில்லை. நிகழ்ச்சி நிரலில் நன்றி கூறுங்கள். மேடையில் மாலை அணிவியுங்கள். ஆனால், பிள்ளைகளின் அடையாளத்தை அவருக்கு விற்காதீர்கள். விருந்தினர் ஆண்டுதோறும் மாறுவார். குழுவின் பெயர் மாறாது.

அந்நிகழ்ச்சி முடிந்து எல்லாரும் பதாகையின் முன் படமெடுத்தனர். புல்லாங்குழல் வாசித்த சிறுமியின் தலைக்கு மேல், அவள் வாசிப்பைக் கேட்காமலே புறப்பட்டுவிட்ட ஒருவரின் முகம்! அந்தப் படத்தைத்தான் அவள் வாழ்நாள் முழுதும் வைத்திருக்கப் போகிறாள்.

சிந்திப்போம், செயல்படுவோம்!