சிகிச்சை அறையிலும் விளக்கம் சொல்ல வேண்டுமா?

நியூயார்க்கில் 320 உளவியல் ஆலோசகர்களைத் தொலைபேசியில் அழைத்துக் குரல்பதிவு விட்டார்கள். எல்லாப் பதிவுகளும் சொன்ன செய்தி ஏறக்குறைய ஒன்றுதான்: மனம் சோர்ந்திருக்கிறது, காப்பீடு இருக்கிறது, வார நாளில் மாலை நேரம் கிடைக்குமா? பெயரும் பேச்சுமுறையும் மட்டுமே வேறுபட்டன. நடுத்தர வர்க்க வெள்ளையர்களாகத் தோன்றியவர்களில் 28% பேருக்குச் சந்திப்பு நேரம் தர முன்வந்தார்கள். அதே வர்க்கத்துக் கறுப்பினத்தவராகத் தோன்றியவர்களில் 17% பேருக்குத்தான் அந்த வாய்ப்பு. சமூகவியலாளர் ஹெதர் குகெல்மாஸ் 2016இல் வெளியிட்ட ஆய்வு இது.

அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் மனநலம் பற்றிய பேச்சு, ‘அவர்கள் உதவி கேட்க முன்வருவதில்லை’ என்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. கேட்டவர்களுக்கு என்ன பதில் கிடைத்தது என்பதையும் சேர்த்தே பேச வேண்டும்.

அவநம்பிக்கையின் வேர்

1840களில் அலபாமாவில் மருத்துவர் மாரியன் சிம்ஸ், அடிமைப்பட்டிருந்த கறுப்பினப் பெண்களின் உடலில் மயக்க மருந்து இல்லாமலேயே அறுவைச் சிகிச்சைகளைச் சோதித்துப் பார்த்தார். 1851இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், அடிமைகள் தப்பி ஓட நினைப்பதையே ஒரு மனநோய் என்று எழுதினார். டஸ்கீகி என்ற ஊரில் கறுப்பின ஆண்களின் மேகநோய்க்கு மருந்து தராமல், அதன் போக்கை 1932 முதல் 1972 வரை அரசே வேடிக்கை பார்த்தது. உளவியல் துறை இனவெறிக்குத் துணைபோனதற்காக அமெரிக்க உளவியல் சங்கம் மன்னிப்புக் கேட்டது 2021இல்தான். இத்தனை அனுபவப்பட்ட ஒரு சமூகம் மருத்துவரைத் தயக்கத்தோடு பார்ப்பதை அறியாமை என்று சொல்லிவிட முடியாது.

வலிமை என்னும் சுமை

செவிலியர் துறைப் பேராசிரியர் ஷெரில் வுட்ஸ்-ஜிஸ்கோம்பே 2010இல் இன்னொரு தடையை விளக்கினார். எப்போதும் வலிமையாகத் தெரிய வேண்டும், உணர்ச்சியை அடக்க வேண்டும், யாரையும் சார்ந்திருக்கக் கூடாது, கையில் இருப்பது குறைவானாலும் வென்றாக வேண்டும், தன்னைவிடப் பிறரையே முதலில் கவனிக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்புகளோடு இப்பெண்கள் வாழ்கிறார்கள். குடும்பங்களைக் காத்த வலிமை அது. அதே வலிமை நோயையும் மறைத்துவிடுகிறது. மனச்சோர்வுள்ள கறுப்பினப் பெண்கள் சோகத்தைவிட, உடற்களைப்பு, தூக்கமின்மை, தன்னையே குற்றம்சாட்டிக்கொள்வது போன்றவற்றையே அதிகம் சொல்கிறார்கள் என்கிறது 2022இல் வெளியான ஓர் ஆய்வு. “சோகமாக இருக்கிறீர்களா?” என்று மட்டும் கேட்கும் மருத்துவருக்கு “இல்லை” என்ற பதில்தான் கிடைக்கும். நோய் இல்லை என்று அவரும் எழுதிவிடுவார்.

வலிக்கு நிறம் உண்டா?

‘மனவலிக்கு நிறம் ஏது? பின் எதற்குத் தனி சிகிச்சை?’ என்று சிலர் கேட்கிறார்கள். நேர்மையான கேள்விதான். ஒரு சூழலை எண்ணிப் பார்ப்போம். “நான் எங்கே தவறு செய்வேன் என்று அலுவலகத்தில் எல்லோரும் காத்திருக்கிறார்கள்” என்கிறார் ஒரு பெண். இதைச் சிந்தனைப் பிழை என்று எடுத்துக்கொள்ளும் ஆலோசகர், “அதற்கு என்ன ஆதாரம்?” என்று கேட்பார். அன்றாடம் அவமதிப்பைச் சந்திப்பவர், கட்டணமும் கொடுத்துத் தன் அனுபவத்தை அங்கேயும் நிரூபிக்க வேண்டியதாகிறது. இரண்டாம் முறை அவர் வராமலே போகலாம்.

பண்பாட்டை உணர்ந்த ஆலோசகர், அந்தப் பாகுபாடு உண்மையாகவே நடக்கக்கூடியது என்ற இடத்திலிருந்து தொடங்குவார். அது அந்தப் பெண்ணின் தூக்கத்தை, உறவுகளை என்ன செய்கிறது, எந்தச் சுமையை அவர் இறக்கி வைக்கலாம் என்று அடுத்த கட்டத்துக்குப் போவார். தலைமுடி பற்றிய கேலியும், தேவாலயம் தரும் ஆறுதலும், குடும்பத்தையே தாங்கும் மூத்த மகளின் களைப்பும் அங்கே பாடம் எடுக்காமலே புரியும். சிகிச்சை முறை அதேதான், நோயறிதல் துல்லியமாகிறது.

ஆலோசகரும் கறுப்பினத்தவராகவே இருந்தாக வேண்டுமா? 2011இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, ஆலோசகரும் சிகிச்சை பெறுபவரும் ஒரே இனத்தவராக இருப்பது பொதுவாகச் சிகிச்சையின் பலனைப் பெரிதாக மாற்றுவதில்லை என்றது. ஆனால், ஆப்பிரிக்க அமெரிக்கர்களிடம் ஓரளவு பலன் கூடுவதையும் கண்டது. மக்கள்தொகையில் சுமார் 13% உள்ள கறுப்பினத்தவர், உளவியலாளர்களில் ஏறத்தாழ 5%தான். எனவே, கறுப்பின ஆலோசகர்களைப் பெருக்குவதும், மற்றவர்களைத் தகுதிப்படுத்துவதும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

வழி காட்டியவர்கள்

இதற்கான முயற்சிகள் புதியவை அல்ல. மேமி ஃபிப்ஸ் கிளார்க் 1946இலேயே தன் கணவர் கென்னத் கிளார்க்குடன் ஹார்லெமில் குழந்தைகளுக்கான உளநல மையத்தைத் தொடங்கினார். 1968இல் கறுப்பின உளவியலாளர்கள் தனிச் சங்கம் அமைத்தார்கள். அட்லாண்டாவின் ஜாய் ஹார்டன் பிராட்ஃபோர்ட் 2014இல் தொடங்கிய ‘தெரபி ஃபார் பிளாக் கேர்ள்ஸ்’, தங்களுக்கேற்ற ஆலோசகரைத் தேடும் பெண்களுக்குப் பெயர்ப்பட்டியல் தருகிறது. ‘லவ்லேண்ட் ஃபவுண்டேஷன்’ என்ற அமைப்பு சிகிச்சைக் கட்டணத்துக்கு உதவுகிறது. உளவியலாளர் அஃபியா எம்பிலிஷாகா, பெண்கள் மணிக்கணக்கில் அமர்ந்து மனம்விட்டுப் பேசும் முடி அலங்கார நிலையங்களையே மனநலத்தின் வாசலாக்கினார்.

தொடங்க நினைக்கும் பெண்ணுக்கு இவை கைகொடுக்கும். ஆலோசகர்கள் பலர் முதலில் சில நிமிடங்கள் கட்டணமின்றிப் பேசுவார்கள். “கறுப்பினப் பெண்களோடு பணியாற்றியிருக்கிறீர்களா? இனவெறி பற்றி நான் பேசினால் எப்படி அணுகுவீர்கள்?” என்று அப்போதே கேட்டுவிடலாம். பதில் திருப்தி தராவிட்டால் வேறொருவரைத் தேடுவதில் தவறே இல்லை.

ஆனால், சரியான ஆலோசகரைத் தேடிக் களைக்கும் வேலையை, ஏற்கெனவே களைத்துப்போனவரின் தலையிலேயே கட்டுவது நியாயமல்ல. ஆலோசகர்கள் காப்பீட்டை ஏற்கும் அளவுக்கு, காப்பீட்டு நிறுவனங்கள் அவர்களுக்குத் தரும் கட்டணம் உயர வேண்டும். இனப் பாகுபாடு மனதையும் உடலையும் எப்படிச் சிதைக்கிறது என்பது பாடத்திட்டத்தின் மையத்துக்கு வர வேண்டும். கறுப்பின மாணவர்கள் கடனில் மூழ்காமல் உளவியல் படிக்க உதவித்தொகை வேண்டும். 2021இல் கேட்கப்பட்ட மன்னிப்புக்கு உண்மையான பொருள், இந்தச் செலவுகளை ஏற்பதில்தான் இருக்கிறது.